மூங்கில் இலை வரைந்தால் மை ஊறிப் பரவுகிறது, பிரஷ்ஷும் இரண்டாகப் பிளந்துவிட்டது. தப்பு தாளிலா, மையிலா, என் கையிலா?

மூங்கில்_கற்கிறேன்

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் பேட்டை சமூக மன்றத்தில் நான்கு மாதமாகச் சீனத் தூரிகை ஓவியம் கற்கிறேன். இன்னும் மூங்கில்தான் ஓடுகிறது. வகுப்பில் லாவ்ஷி (ஆசிரியர்) கொடுக்கும் தாளில் இலை நுனி ஊசி மாதிரி முடிகிறது. வீட்டுக்கு வந்து அதே இலையைப் போட்டால், வைத்த இடத்திலிருந்து மை நாலா பக்கமும் ஊறி, வெற்றிலை அளவுக்கு விரிந்துவிடுகிறது. லாவ்ஷிக்கு மாண்டரின் மட்டும்தான். "தண்ணீர் அதிகம்" என்று சொல்வது புரிகிறது. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், ஊறுவது நிற்கவில்லை.

இணையத்தில் 38 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு செட் வாங்கினேன். வெள்ளை முடி பிரஷ் ஐந்து, மைக்கட்டி ஒன்று, அதைத் தண்ணீர் விட்டு அரைக்க மைக்கல் ஒன்று, 'ரைஸ் பேப்பர்' நூறு தாள். கட்டியை அரைக்கப் பொறுமை இல்லாததால் கறுப்பு மை பாட்டில் ஒன்றைத் தனியாக வாங்கி அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இன்னும் இரண்டு தொல்லைகள். நான் அதிகம் எடுக்கும் பிரஷ்ஷின் நுனி பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மைக்கட்டியை ஒரே ஒரு நாள் அரைத்துவிட்டு ஜன்னல் ஓரம் வைத்தேன், இப்போது குறுக்கே வெடித்துக் கிடக்கிறது. எதை மாற்றுவது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கவும் மனசில்லை.

பினாங்கு_வாசி

எதையும் தூக்கிப் போடாதம்மா. முதல்ல மூணு காரியம் செஞ்சு பாத்துட்டுச் சொல்லு.

வீட்டுத் தாள் ஒரு துண்டு, வகுப்புத் தாள் ஒரு துண்டு பக்கத்துல பக்கத்துல வை. ரெண்டுலயும் விரல் நுனியால ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணி விடு. என்ன ஆகுதுன்னு பாரு.

அந்தப் பிளந்த பிரஷ்ஷைக் காய்ஞ்ச நிலையில எடுத்து, முடி மூங்கில் குழலோட சேர்ற இடத்தை ரெண்டு விரலால அமுக்கு. மெத்துன்னு இருக்கா, குச்சி மாதிரி இருக்கா?

மூணாவது, மை பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே படிச்சுச் சொல்லு. எனக்கு அந்தப் பாட்டில் மேலதான் சந்தேகம்.

ஹாங்சோவில்_இருந்தவன்

அக்கா கேட்டதற்கு விடை வருவதற்குள் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக ஆறு வருடம் சீனாவின் ஹாங்சோ நகரில் இருந்தேன். அங்கே மாலை வகுப்பில் நான் முதலில் பட்ட அடியும் இதுதான்.

'ரைஸ் பேப்பர்' என்ற பெயரே தவறு. அதில் அரிசி இல்லை. சரியான பெயர் சுவான் தாள். உண்மையான சுவான் தாள் அன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில் செய்யப்படுகிறது. சிங்டான் என்ற மரத்தின் பட்டை நாரும் நெல் வைக்கோலும்தான் மூலப்பொருள். (அந்த மரத்தை ஆங்கிலத்தில் நீலச் சந்தனம் என்கிறார்கள். நம் சந்தன மரத்துக்கும் அதற்கும் உறவில்லை.) பட்டையையும் வைக்கோலையும் மலைச்சரிவில் பரப்பி, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வெளுக்க விடுவார்கள். 2009-ல் யுனெஸ்கோ இந்தக் கைவினையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டை நார் கூடினால் தாள் ஈரத்தில் கிழியாமல் தாங்கும், வைக்கோல் கூடினால் மென்மையாகும்.

உங்கள் சிக்கலுக்கு முக்கியமானது வேறு. ஒரே தாள் மூன்று விதமாக விற்பனைக்கு வருகிறது. ஒன்றும் பூசாத பச்சைத் தாள் 'ஷெங்'. தண்ணீர் பட்டதும் குடித்துவிடும். படிகாரமும் பிராணிப் பசையும் கலந்த நீரைப் பூசியது 'ஷூ'. அதில் மை மேலேயே நிற்கும். மெல்லிய கோடு இழுத்து உள்ளே வண்ணம் நிரப்பும் நுண்பாணி ஓவியத்துக்கு அதுதான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'பான்ஷூ', அரைப்பதம்.

பச்சைத் தாளைக் கெட்ட தாள் என்று நினைத்துவிடாதீர்கள். சீன ஓவியர் சீ பைஷி (1864–1957) வரைந்த இறால்களைப் பாருங்கள். உடல் கண்ணாடி மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்த ஊறல்தான். மை எவ்வளவு தூரம் ஓடும் என்பது அவர் கைக்குத் தெரியும். நான்கு மாதக் கைக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. லாவ்ஷி உங்களுக்கு அரைப்பதத் தாளைக் கொடுக்கிறார் என்பது என் ஊகம்.

மூங்கில்_கற்கிறேன்

பார்த்துவிட்டேன், அக்கா.

வீட்டுத் தாளில் சொட்டு விழுந்த நொடியில் காணோம். பின்னால் திருப்பினால் அங்கேயும் ஈரம். வகுப்புத் தாளில் சொட்டு கொஞ்ச நேரம் உருண்டையாக நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. அண்ணன் சொன்னது சரிதான் போல.

பிரஷ்ஷின் அடிப்பகுதி காய்ந்த தேங்காய் நார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவிவிட்டுத்தான் வைக்கிறேன். கூடவே வந்த பிளாஸ்டிக் மூடியையும் மறக்காமல் போடுவேன்.

பாட்டிலில் 'வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்' என்று இருக்கிறது.

பினாங்கு_வாசி

நெனச்சேன்!

அது பேனா ஓவியத்துக்கான மை. காய்ஞ்சா தண்ணில கரையக் கூடாதுன்னு அந்த மாதிரி மையில அரக்கு சேர்ப்பாங்க, சிலதுல அக்ரிலிக். அது முடிக்குள்ள காய்ஞ்சா எத்தனை தடவை கழுவினாலும் போகாது. அடியில கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து முடியை வெளிப்பக்கமா நெட்டித் தள்ளும். அதான் நுனி பிளந்து நிக்குது. உன் கையில தப்பில்ல. அந்தப் பாட்டிலை இனிமே பிரஷ் பக்கமே கொண்டுபோகாதே.

வெந்நீரும் தப்பு. முடிக்கட்டை குழலோட பிடிச்சு வச்சிருக்கிற பசை வெந்நீர்ல இளகும். அப்புறம் ஒருநாள் முடி மொத்தமா கழண்டு கையோட வரும். எனக்கு ஆரம்பத்துல ஒரு நல்ல பிரஷ் அப்படித்தான் போச்சு, ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. மூடி கடையிலேர்ந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும்தான். ஈரத்தோட மூடினா நம்ம ஊரு புழுக்கத்துல உள்ளேயே அழுகும்.

இனிமே இப்படிச் செய். வரையறதுக்கு முன்னாடி பிரஷ்ஷைப் பச்சைத் தண்ணில முழுசா நனைச்சு, துணில ஒத்தி எடு. அதுக்கப்புறம்தான் மை. முடியோட அடியில முன்னாடியே தண்ணி இருந்தா மை அங்க ஏறிக் காயாது. பாதிப் பேர் இதை விட்டுடறாங்க, பிரஷ் ஆயுசே இதுலதான் இருக்கு. முடிஞ்சதும் ஓடுற தண்ணில வச்சு, அடிப்பக்கத்தை மெதுவா அமுக்கி அமுக்கி, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் கழுவு. சோப்பு வேண்டாம். நுனியை விரலால கூராக்கி, தலைகீழா தொங்கவிடு. ஈரமா இருக்கும்போது குவளையில நிமிர்த்தி வச்சா தண்ணி கீழ இறங்கிப் பசையிலயே நிக்கும்.

புது பிரஷ் விறைப்பா வர்றது கஞ்சி மாதிரி ஒண்ணு போட்டிருக்கிறதால. அதையும் பச்சைத் தண்ணில ஊற வச்சுத்தான் இளக்கணும். விரலால நெருடி உடைக்காதே. முதல் ஒண்ணு ரெண்டு வாரம் நாலஞ்சு முடி கொட்டும், பயப்படாதே.

பழைய பிரஷ்ஷோட அடியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல கொஞ்ச நேரம் வச்சுப் பாரு. அரக்கா இருந்தா ஓரளவு இளகும். தேறலைன்னாலும் வச்சுக்கோ. பாறை, மரப்பட்டை வரையும்போது சொரசொரப்புக்குப் பிளந்த பிரஷ்தான் வேணும்.

ஹாங்சோவில்_இருந்தவன்

புதிதாக ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. உங்கள் செட்டில் ஐந்தும் வெள்ளை முடி என்பதால் ஐந்தும் ஆட்டு முடியாகத்தான் இருக்கும். ஆட்டு முடி நிறையத் தண்ணீர் பிடிக்கும், மென்மையானது, அழுத்தினால் தானாக நிமிராது. பெரிய இலைகளுக்கும் பூவிதழுக்கும் அழகு. மூங்கில் இலைக்கு அழுத்தி, இழுத்து, தூக்கும்போது நுனி குதித்துச் சேர வேண்டும். அதற்கு 'லாங்ஹாவ்' கேளுங்கள். பெயருக்கு 'ஓநாய் முடி' என்று பொருள், உண்மையில் மரநாய் போன்ற வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி. இரண்டும் கலந்தது 'ஜியான்ஹாவ்'. எழுத்தும் ஓவியமும் ஒரே பிரஷ்ஷில் பழக நினைத்தால் கலப்பு முடியில் நடுத்தர அளவு ஒன்று போதும்.

கடையில் பார்க்க வேண்டியதைச் சீனர்கள் நான்கு குணமாகச் சொல்வார்கள்: கூர்மை, சமம், உருண்டை, வலு. நனைத்தால் நுனி ஒன்றாகக் கூட வேண்டும். தட்டையாக அமுக்கினால் முடிகள் ஒரே நீளத்தில் நிற்க வேண்டும். வயிறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி திரண்டிருக்க வேண்டும். வளைத்துவிட்டால் திரும்ப வேண்டும். ஹாங்சோவுக்கு வடக்கே ஹுசோ பகுதியில் ஷான்லியன் என்ற சிற்றூர் பிரஷ்ஷுக்கே பேர் போனது. அங்கே பெண்கள் தண்ணீர்த் தொட்டியின் முன் உட்கார்ந்து, எலும்புச் சீப்பால் முடியை வாரி, நுனி மழுங்கியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவதைப் பார்த்தேன். வருடக்கணக்கில் கை தண்ணீரிலேயே. அதைப் பார்த்த பிறகு நல்ல பிரஷ்ஷின் விலையை நான் பேரம் பேசுவதில்லை.

காலை_எழுத்து

நான் சிங்கப்பூர்தான், எட்டு வருடமாகச் சீன எழுத்துக்கலை மட்டும் பழகுகிறேன். தினப் பயிற்சிக்கு மைக்கட்டி அரைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீன எழுத்துக்கென்றே விற்கும் பாட்டில் மை தாராளமாகப் போதும். பெய்ஜிங்கில் 1865-ல் தொடங்கிய யிதெகெ கடையே பாட்டில் மைக்காகத்தான் பெயர் பெற்றது. பாட்டிலில் பிரஷ்ஷை நேரே முக்காமல், தேவையானதைக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைத் திரும்ப ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். துர்நாற்றம் வந்தால் பசை அழுகிவிட்டது என்று அர்த்தம்.

பயிற்சிக்கு சுவான் தாளும் வேண்டாம். மாவ்பியன் என்ற மூங்கில் நார்த் தாள் இளமஞ்சளாக இருக்கும், மலிவு, ஊறலும் குறைவு. இங்கே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் கட்டம் போட்டே கிடைக்கிறது.

பினாங்கு_வாசி

எழுத்துப் பயிற்சிக்கு நீங்க சொல்றது சரி தம்பி. ஆனா ஓவியத்துல நான் கட்டி பக்கம்தான் நிப்பேன். பாட்டில் மையில நிறையத் தண்ணி சேர்த்தா சாம்பல் நிறம் உயிரில்லாம, அழுக்குத் தண்ணி மாதிரி படுது. கட்டியை அரைச்சா ஒரே இலையில அடர்த்திலேர்ந்து வெளிச்சம் வரைக்கும் படிப்படியா இறங்கும். நம்ம 50 வெள்ளி நோட்டுப் பின்னாடி, நான் சொல்றது சிங்கப்பூர் நோட்டு, சென் வென் சி வரைஞ்ச கிப்பன் குரங்குங்க இருக்கே, அந்த மாதிரி கறுப்புக்குள்ள கறுப்பு வேணும்னா அரைச்சுத்தான் ஆகணும்.

கட்டியில ரெண்டு வகை. பைன் மரத்தை எரிச்ச புகைக்கரி மங்கலா, லேசா நீலம் ஓடும். துங் எண்ணெய் மாதிரி எண்ணெய் விளக்குப் புகைக்கரி பளபளப்பா, வெதுவெதுப்பான கறுப்பு. பாட்டி காலத்துல விளக்கு மேல கிண்ணத்தைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி புடிப்பாங்களே, அதே வேலைதான். அதோட பிராணிப் பசையும் கற்பூர வாசனையும் சேர்த்து இடிச்சு அச்சுல போடுவாங்க. மூங்கிலுக்கு எண்ணெய்க்கரிக் கட்டி வாங்கும்மா.

கல்லுல அரை ஸ்பூன் தண்ணி. கட்டியை நேரா நிறுத்தி, அமுக்காம வட்டமா அரை. கட்டி போன தடம் உடனே மூடாம ஒரு கணம் நின்னா பதம். அரைச்சதும் கட்டி நுனியைத் துடைச்சு, காகிதத்துல சுத்தி, வெயில் படாத டப்பாவுல வை. உன்னுது ஈரத்தோட ஜன்னல் வெயில் பட்டதால வெடிச்சிருக்கு, வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ஞ்சு சுருங்கிடும். கட்டியைக் கல்லு மேலயே விட்டுட்டா ஒட்டிக்கும், பிடுங்கினா கல்லுல செதில் பேரும். கல்லை அன்னன்னிக்கே பச்சைத் தண்ணில கழுவு, பீர்க்கங்காய் நாரு போதும். சீனாவுலயும் அதைத்தான் வச்சுத் தேய்ப்பாங்க. இரும்பு நாரு பட்டா கல்லோட பல்லு போயிடும், அப்புறம் அரைக்கவே அரைக்காது.

மூங்கில்_கற்கிறேன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அரைப்பதத் தாளும் ஒரே ஒரு லாங்ஹாவ் பிரஷ்ஷும் வாங்கினேன். வெடித்த கட்டியில் பெரிய துண்டை அரைத்தே வரைகிறேன். இலை கூராக வந்துவிட்டது! லாவ்ஷி பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு வீடு வரும் வரை பேருந்தில் அந்தத் தாளைச் சுருட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பழைய பிரஷ் ஸ்பிரிட்டில் பாதிதான் இளகியது, பாறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. பின்தாள் ஒட்டும்போது மை கலைந்துவிடும் என்கிறார்களே?

ஹாங்சோவில்_இருந்தவன்

கலையும். பின்தாள் ஒட்டுவது ஈரமான மாவுப் பசையில், அதனால் மையில் பசை குறைவாக இருந்தாலோ படம் சரியாகக் காயாமல் இருந்தாலோ கறுப்பு ஓடும். நேற்று அரைத்து மிஞ்சிய மையில் பசை கெட்டிருக்கும், அதில் வரைந்த படம்தான் அதிகம் ஓடும். அன்று அரைத்த மையில் வரைந்த படத்தையே தேர்ந்தெடுங்கள், சில வாரம் ஆற விடுங்கள். ஒட்டக் கொடுக்கும் முன் கறுப்பு அடர்ந்த ஓர் இடத்தில் ஈரமான வெள்ளைத் துணி நுனியை வைத்து எடுங்கள். துணியில் கறை ஏறினால் ஒட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய கைகள் படத்தைக் காகிதத்தில் சுற்றி ஆவியில் வைத்து மையை இறுக்கிவிட்டுத்தான் பசையைத் தொடுவார்கள்.

புது பிரஷ் நன்றாகக் காய்ந்த பிறகு டப்பாவில் வைப்பதாக இருந்தால் ஒரு கற்பூர வில்லையும் போட்டு வையுங்கள். முடியைப் பூச்சி தின்னும்.