மார்பகத் தூக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தோழிகளே, கூச்சத்தோடுதான் கேட்கிறேன். வயது 39, இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் தாய்ப்பால் கொடுத்தேன், அப்புறம் எடையும் 14 கிலோ குறைந்தது. மார்பு நன்றாகவே தளர்ந்துவிட்டது. பிராவுக்கு அடியில் வேர்த்து, கோடை முழுக்கப் புண்.

போன வாரம் கோவையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். சிகிச்சையின் பெயர் மாஸ்டோபெக்ஸி. கூடுதல் தோலை எடுத்து, காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்களாம். மார்பின் அளவில் அதிக மாற்றம் இருக்காது. எனக்கு நங்கூர வடிவத் தையல் வேண்டியிருக்கும் என்றார்: காம்பைச் சுற்றி, கீழ்நோக்கி, மார்பின் அடிமடிப்பில். முழு மயக்கம், இரண்டு மூன்று மணி நேரம். முன்னதாக மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே. இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால் தள்ளிப்போடச் சொன்னார். (அம்மாடி, இனி இல்லை!) அழகு சிகிச்சை என்பதால் காப்பீடும் கிடையாது.

தழும்பு மங்க ஒரு வருடம்கூட ஆகலாம், ஆனால் முழுதாக மறையாது என்றார். அது பரவாயில்லை. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம் என்றதுதான் உறுத்துகிறது.

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: உணர்ச்சி திரும்பியதா? எத்தனை நாளில் கையைத் தூக்கித் தலை வாரினீர்கள்? ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம். என் சின்னவனுக்கு நான்கு வயது, இடுப்பை விட்டு இறங்கமாட்டான். எப்படிச் சமாளித்தீர்கள்? வீட்டில் மாமியாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள்.