இணையப் பாதுகாப்புக்கு ஆறு பீரியட் கிடைத்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (நடுநிலை வகுப்பு ஆசிரியை)

வணக்கம். நான் 7, 8ஆம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இணையப் பாதுகாப்பு, செய்திகளைச் சரிபார்ப்பது இரண்டுக்கும் சேர்த்து இந்தப் பருவத்தில் ஆறு பீரியட் தந்திருக்கிறார்கள். போன வருடமும் நான்தான் எடுத்தேன். தெரியாதவர்களிடம் பேசாதே, படம் அனுப்பாதே, லிங்க்கைத் தொடாதே, பாஸ்வேர்டைச் சொல்லாதே என்று ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டேன், பிள்ளைகளும் சமர்த்தாக எழுதிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆன்லைனில் யாரோ தொல்லை கொடுத்து வந்தது தெரிந்தது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, நான் பேசிட்டேன், அப்புறம் எப்படிச் சொல்றது" என்றது. என் பாடம் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை, அதோடு வாயையும் அடைத்துவிட்டது. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இந்த முறை வேறு மாதிரி செய்ய வேண்டும். பொய்ச் செய்தி, ஏஐ படங்கள் என்று சொல்ல வேண்டியதும் கூடிவிட்டது. எதை எடுப்பது, எதை விடுவது? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (பள்ளி நூலகர்)

செய்தி சரிபார்ப்புப் பகுதியை மட்டும் சொல்கிறேன். பக்கத்தை உற்றுப் பார்க்கச் சொல்லாதீர்கள், பக்கத்தை விட்டு வெளியே போகச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா, முகவரி டாட் ஆர்க் என்று முடிகிறதா, வடிவமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நானும் பல வருடம் சொல்லிக் கொடுத்தேன். பொய் சொல்கிறவனுக்கும் அந்தப் பட்டியல் தெரியும், அதனால் இப்போது அது உதவுவதில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017இல் வெளிவந்தது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளுடைய தளங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று பல்லாயிரம் மருத்துவர்கள் இருக்கும் பழைய அமைப்பு, இன்னொன்று அதிலிருந்து 2002இல் பிரிந்துபோன சின்னக் குழு. மாணவர்கள் லோகோவையும் அடிக்குறிப்பையும் பார்த்துக்கொண்டே இருந்து, பாதிக்கு மேல் சின்னக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். படித்த வரலாற்றாசிரியர்களிலும்கூடப் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ கொஞ்ச நேரத்திலேயே புது டேப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள். வேலை அவ்வளவுதான், 7ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும்.

தொடங்குவதற்கு மர ஆக்டோபஸ் தளத்தைக் காட்டுங்கள். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துகொண்டிருக்கிறது என்று 1998இல் வேடிக்கைக்காக ஒருவர் போட்ட தளம் அது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வில், இணையத்தில் நன்றாக வாசிக்கத் தெரிந்த 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 25 பேரிடம் கொடுத்தபோது கிட்டத்தட்ட எல்லாருமே நம்பினார்கள். இதைச் சொல்லிக் காட்டினால், ஏமாந்த பிள்ளைக்கும் வெட்கம் வராது.

பதில் 2 (மாணவர் ஆலோசகர்)

டீச்சர், அந்தப் பிள்ளை சொன்னதை நான் வேறு வேறு பிள்ளைகளிடம் பல முறை கேட்டிருக்கிறேன். மிரட்டுகிறவனின் பலமே அதுதான், "வெளியே சொன்னால் உன்னைத்தான் திட்டுவார்கள்" என்று அவன் சொல்வதை நம்முடைய பாடமும் உறுதிப்படுத்திவிடுகிறது. அதனால் முதல் பீரியடிலேயே, "நீ விதியை மீறியிருந்தாலும் சொல்லலாம், தண்டனை கிடையாது" என்று வாயால் சொல்லுங்கள், யாரிடம் சொல்வது என்று ஆளையும் காட்டுங்கள். தலைமை ஆசிரியரும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் இருப்பதே மேல்.

அப்புறம் "தெரியாதவர்" என்ற சொல்லே பிரச்சினைதான். இரண்டு மாதம் சேர்ந்து கேம் விளையாடியவனைப் பிள்ளை தெரியாதவன் என்று நினைக்காது. ஆளைச் சொல்லாமல் நடத்தையைச் சொல்லிக் கொடுங்கள்: கேமிலிருந்து வேறு தனி ஆப்புக்குக் கூப்பிடுவது, "நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்பது, படம் கேட்பது, மறுத்தால் கோபித்துக்கொள்வது.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதையும் சொல்லியே ஆக வேண்டும். பணம் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் இன்னும் கேட்பான். பயத்தில் சாட்டை அழிக்க வேண்டாம், அது சாட்சி. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, பிள்ளையின் போனிலேயே படத்திலிருந்து ஓர் எண்கோவை உருவாகும், அது மட்டும்தான் போகும், சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். பெயரும் கேட்க மாட்டார்கள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பதில் 3 (கணினி ஆசிரியர்)

மேலே சொன்ன இரண்டோடும் எனக்கு உடன்பாடுதான், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வரிசையாகப் பொய்ச் செய்திகளாகவே காட்டினால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பொய் என்று சொல்லப் பழகிவிடுவார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். நான் ஒரு தடவை அப்படித்தான் கெடுத்துவிட்டேன், கடைசியில் உண்மையான நிலநடுக்கப் படத்தைப் பார்த்து "ஏஐ சார்" என்றார்கள். பாதிக்குப் பாதி உண்மையானதையும் கலந்து கொடுங்கள். விரலை எண்ணி ஏஐ படத்தைக் கண்டுபிடிக்கும் வித்தையும் வேண்டாம், அது இப்போதே பழசாகிவிட்டது. படம் முதலில் எங்கே வந்தது, யார் போட்டார்கள் என்று தேடுவது பழசாகாது.

பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாம் ஒரே பீரியட் போதும். சொல்லிக்கொண்டிருக்காமல் அங்கேயே போட வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. முதல் இரண்டு பீரியடும் ஆலோசகர் சொன்னதற்கு, அடுத்த மூன்று புது டேப் பயிற்சிக்கு, கடைசி ஒன்று பாஸ்வேர்டுக்கு என்று வைத்துக்கொள்கிறேன். தலைமை ஆசிரியரிடம் நாளைக்கே பேசுகிறேன். ஒரே ஒரு சந்தேகம், அந்தப் பிள்ளை இந்த வருடமும் என் வகுப்பில்தான் இருக்கிறது. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டால்?

பதில் 4 (மாணவர் ஆலோசகர்)

வகுப்புக்கு முன்பே தனியாகக் கூப்பிட்டு என்ன பேசப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பீரியடில் உட்கார விருப்பமில்லை என்றால் நூலகத்தில் இருக்கட்டும், காரணம் யாரும் கேட்க வேண்டாம். அதே மாதிரியான சம்பவத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லாதீர்கள், பெயர் மாற்றியும் வேண்டாம். போன வருடம் நான் சொன்ன விதம் சரியில்லை என்று அந்தப் பிள்ளையிடம் நீங்களே சொல்ல முடிந்தால், சொல்லிவிடுங்கள் டீச்சர்.