மேற்கு மாம்பலத்தில் 1967 பத்திரம், அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

தெருமுனை:
மேற்கு மாம்பலத்தில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. பத்திரப்படி கிழமேலடி 20, தென்வடலடி 59, ஆக 1180 சதுர அடி (ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி). கட்டடம் சுமார் 800 சதுர அடி, தரைத்தளம் மட்டும். முன்பக்கம் கூடமும் இரண்டு அறைகளும் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய தளம்). பின்னால் சமையலறையும் குளியலறையும் பிற்பாடு சேர்த்த ஆர்சிசி. கிழக்கே பக்கத்து வீட்டோடு ஒட்டுச் சுவர். தெரு 18 அடி.

பத்திரம் 1967-ல் தகப்பனார் பேரில். அவர் காலமாகிவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், அமெரிக்காவில் ஒரு மகள். கேட்பது 1.65 கோடி. ஐந்தாறு வருஷம் இப்படியே குடியிருந்துவிட்டு அப்புறம் இடித்துக் கட்டலாம் என்று யோசனை. வீட்டுக்கு இப்போதுதான் வெள்ளை அடித்திருக்கிறார்கள், கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்குப் புது டைல்ஸ். இன்ஜினியரையும் வக்கீலையும் கூப்பிடுவதற்கு முன் நானே பார்க்கக் கூடியது என்ன? எதைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட வேண்டும்?

நூல்குண்டு:
அந்த நாலடி டைல்ஸிலிருந்தே ஆரம்பியுங்கள். கூடத்தில் யாரும் அழகுக்கு நாலடி டைல்ஸ் ஒட்டுவதில்லை. தரையிலிருந்து ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்த இடத்தை மூடியிருப்பார்கள். அக்காலத்துச் சுவர்களில் பலவற்றுக்கு அடியில் ஓதத் தடுப்பு அடுக்கு கிடையாது. டைல்ஸ் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். டைல்ஸ் முடிகிற வரிக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துத் தடவிப் பாருங்கள். புது பெயிண்ட் மாவு மாவாக வந்தால் விஷயம் அதுதான்.

அடுத்தது தரைமட்டம். மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை வாங்கி, தெரு நடுவின் மட்டத்தையும் கூடத்துத் தரையையும் அளந்து பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு மாம்பலத்தில் பல வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் வேண்டாம். கேட்டின் கீழ்ப்பகுதியில் துருக் கோடு, பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறை, வழக்கத்தைவிட உயரத்தில் மாற்றி வைத்த ஈபி மீட்டர்: இவை பொய் சொல்லாது.

இனி தளம். மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகள் ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்றாக ஓடும். அதன் மேல் மெல்லிய டெரஸ் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கோணவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். கட்டையின் நடுப்பகுதி அநேகமாகக் கெடாது. கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விட்டால் மழைத்தண்ணீர் நேரே அந்த முனைக்கு இறங்கும். ஈரம் இருந்தால் கரையானும் வரும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு அரைக்கால் அங்குலம்கூட உள்ளே விடாது. முக்கால் அங்குலம் சுலபமாகப் போனால் அந்த முனை போய்விட்டது. ஒன்றிரண்டு என்றால் சுவரை ஒட்டி அடியில் இரும்புச் சானல் கொடுத்துத் தாங்கலாம். பாதிக் கட்டைகள் அப்படி என்றால் அங்கே ஐந்து வருஷம் குடியிருக்கும் பேச்சே வேண்டாம்.

தொய்வுக்கு நூல் பிடியுங்கள். 12 அடிக் கட்டையில் நடுவே அரை அங்குலம் இறங்கியிருப்பது வயசுக்குச் சகஜம். ஒரு அங்குலத்தைத் தாண்டினால் மேலே என்ன பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். ஒழுகுகிறது என்று தட்டோட்டின் மேல் சிமென்ட் கான்கிரீட் போடுவதுதான் இந்த வீடுகளுக்குச் செய்யும் பெரிய கெடுதல். 10-க்கு 10 அறைக்கு இரண்டு அங்குலம் போட்டாலே ஒரு டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். அதோடு சுண்ணாம்புத் தளத்துக்குள் போன ஈரம் மேலே வழியாக ஆவியாகவும் முடியாது.

பின்பக்க ஆர்சிசியை நம்ப வேண்டாம், பல வீடுகளில் முதலில் போவது அதுதான். சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பிப் பூச்சைத் தள்ளியிருக்கிறது. விரிசல் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக இருந்தால் சந்தேகமே இல்லை. சன்ஷேடின் அடிப்பக்கம், பரண், குளியலறைக் கூரை மூன்றையும் விடாதீர்கள். குளியலறையில் மட்டும் புதுசாக ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

இன்ஜினியர் ரீபவுண்ட் ஹாமர் (கான்கிரீட்டின் மேல்பரப்பில் அடித்து இறுக்கத்தை அளக்கும் கருவி) மட்டும் அடித்து "நல்ல ஸ்ட்ரெங்த்" என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகி, ரீடிங்கைக் கூட்டிக் காட்டும். ஒரு இடத்தில் கொத்தி ஃபீனால்ஃப்தலீன் தெளிக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது. கம்பி ஆழம் வரை நிறமே வராவிட்டால் காப்பு போய்விட்டது.

மூலப்பத்திரம்:
கட்டடம் பார்க்கும் முன் காகிதம் பாருங்கள், காசு செலவில்லை.

முதலில் டவுன் சர்வே பதிவேட்டு நகல். அதில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். 1180 சதுர அடி என்றால் 109.6 வர வேண்டும். 104 என்று இருந்தால் 1119 சதுர அடிதான். நேரில் அளக்கும்போது அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் பிடியுங்கள். ஒட்டுச் சுவர் வீடுகளில் பின்னால் போகப்போக ஒடுங்கும். பத்திரம், சர்வே, நேரடி அளவு மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலை. அவர்கள் கேட்கும் விலை சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 14,000. 61 சதுர அடி குறைந்தால் எட்டரை லட்சம். சர்வேயில் நிலம் கோயில் பேரிலோ அரசுப் புறம்போக்கு என்றோ இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சென்னையின் பழைய பகுதிகளில் மனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது என்ற வீடுகள் உண்டு.

வில்லங்கம் 1975-லிருந்து ஆன்லைனில் கிடைக்கும். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு 1967 பத்திரம் வரை எடுத்துவிடுங்கள். வில்லங்கம் சுத்தமாக இருப்பதால் மட்டும் சொத்து சுத்தம் ஆகிவிடாது. அசல் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துக் கடன் வாங்கியது, பதியாத உயில், கோர்ட்டில் நடக்கும் பாகப் பிரிவினை வழக்கு எதுவும் அதில் தெரியாமல் போகலாம். அதனால் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் புகாரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும், பேப்பர் விளம்பரமும் இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் தராதீர்கள்.

வாரிசுச் சான்றிதழில் உள்ள நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்குக் கல்யாணச் சீர் செய்தாயிற்று என்ற பேச்சு செல்லாது. தகப்பனார் சுயமாக வாங்கிய சொத்து, உயில் எழுதவில்லை என்றால் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு கால் பங்கு. தகப்பனாரின் தாயார் அப்போது உயிரோடிருந்தாரா என்றும் கேளுங்கள்; இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போயிருக்கும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உயில் இருந்தாலும் நால்வரையும் பத்திரத்தில் சேர்ப்பது நல்லது.

அமெரிக்க மகள் பவர் கொடுத்தால் அங்கே தூதரகத்திலோ நோட்டரி வழியாகவோ சான்று பெற்று, அந்தப் பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் இங்கிருப்பவர்கள் பங்குக்கு 1% டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காக நீங்கள் பிடித்துக் கட்டும் தொகை) பிடிப்பீர்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் பங்குக்கு அந்த 1% கணக்கு பொருந்தாது, அதைவிட மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களிடம்தான் வரும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், வெறும் ஸ்டாம்ப் பேப்பரோடு நிற்க வேண்டாம். பத்திரச் செலவு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். 1.65 கோடிக்குக் கிட்டத்தட்ட 15 லட்சம். இதைச் சேர்த்துப் பட்ஜெட் போட்டீர்களா?

தெருமுனை:
இருவருக்கும் நன்றி. டியூப் வைத்துப் பார்த்தேன்: கூடத்துத் தரை தெரு நடுவைவிட 7 அங்குலம் கீழே. கட்டை முனைகளில் இரண்டு மட்டும் மெத்தென்று இருக்கிறது, இரண்டும் மேற்குச் சுவர்ப் பக்கம். கூடத்து உயரம் 10 அடி 6 அங்குலம். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று புரோக்கர் சொல்கிறார். சரிவருமா? சர்வே நகல் இன்னும் வரவில்லை.

நூல்குண்டு:
ஒட்டுச் சுவர் வீட்டை ஜாக்கியில் தூக்க நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டின் கட்டைகளும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். தனியாக நிற்கும் வீடாக இருந்தாலும் சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் என்றால் நான் வேண்டாம் என்பேன். ஒரு ஜாக்கி கால் அங்குலம் முன்பின் ஏறினாலே குத்துக்கல் நெகிழும்.

உயரம் பத்தரை அடி இருப்பதால் உள்ளேயே தரையைத் தூக்கலாம். 15 அங்குலம் ஏற்றினால் தெருவுக்கு 8 அங்குலம் மேலே வரும். 11 அங்குலம் நிரப்பு, 4 அங்குலம் கான்கிரீட். உள்பரப்பு 650 சதுர அடி என்று வைத்தால், இடித்து இறுக்குவதையும் சேர்த்து ஏழு யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி) நிரப்பு பிடிக்கும். வேலை அதில் இல்லை, வாசல்களில் இருக்கிறது: ஒவ்வொரு நிலைவாசலையும் கழற்றி, மேலே லிண்டலை உயர்த்திப் பூச வேண்டும். ஜன்னல் அடிமட்டம் தரையிலிருந்து ஒன்றேகால் அடிக்கு வந்துவிடும், பிளக் பாயின்ட்டும் தரையோடு போய்விடும். எப்படியும் அந்தக் காலத்து மரப்பட்டி வயரிங்கில் எர்த் இருக்காது, அதனால் வயரிங் முழுக்கப் புதுசு என்றே கணக்கு வையுங்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உட்பட.

மேற்குச் சுவரில் இரண்டு முனைகளும் போயிருப்பதால் மாடியில் அந்தப் பக்கம் மழைநீர்க் குழாய் வாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் சானல் வைத்துப் பயனில்லை.

சாக்கடைமூடி:
யாரும் சாக்கடையைத் தொடவில்லையே. தெருவுக்குக் கீழே உள்ள வீட்டில் மழைநீரைவிட முதலில் வருவது கழிவுநீர், அதுவும் குளியலறை வழியாக. வீட்டுச் சேம்பரைத் திறந்து, பக்கெட்டில் கலர் கலந்து நாலைந்து முறை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். பழைய கல் குழாய் இணைப்புகளில் வேர் புகுந்திருக்கும். கடைசிச் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (கழிவுநீர் திரும்பி வராமல் தடுப்பது) வைக்க இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கிணறு எங்கே என்று கேளுங்கள். அந்தக் காலத்து வீட்டில் கிணறு இல்லாமல் இராது. பின்பக்கச் சமையலறையைச் சேர்த்தபோது கிணற்றைக் குப்பை போட்டு மூடி அதன் மேலேயே கட்டியிருந்தால் தரை ஒரு பக்கமாக இறங்கும், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் நேர்குத்தாக விரிசல் மேலே அகன்று வரும். மெட்ரோ வாட்டர் வரி அட்டையும் சொத்து வரி ரசீதும் யார் பேரில், பாக்கி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாக்கி வீட்டோடு வரும்.

அரைகிரவுண்ட்:
விலையைப் பற்றி. கட்டடத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். மனை விலையிலிருந்து தரை ஏற்றுவது, வயரிங், குழாய், கட்டை முனை வேலை எல்லாவற்றையும் கழித்துப் பேசுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் வங்கி மதிப்பீட்டாளர் கட்டடத்தின் மிச்ச ஆயுளைக் குறைத்து எழுதுவார், கடன் தொகையும் அதற்கேற்ப இறங்கும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2, ஆகவே 2360 சதுர அடி கட்டலாம் என்பார்கள். காகிதத்தில் சரி. 20 அடி அகலத்தில் விதிப்படி பக்க இடம் விட்டு, முன்னே பின்னே விட்டு, படிக்கட்டும் கார் நிற்க இடமும் போக என்ன மிஞ்சும் என்று ஒரு வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். தரைத்தளமும் ஒரு மாடியும், 3500 சதுர அடிக்குள் என்றால் 2024-ல் வந்த சுயசான்று முறையில் அனுமதி சீக்கிரம் கிடைக்கும்.

இடிக்கும்போது பழைய வீடு எடுப்பவர்கள் தேக்குக் கட்டைக்காக உங்களுக்கே காசு தருவார்கள். கூலி கொடுத்து இடிக்காதீர்கள். ஆனால் கிழக்குச் சுவர் பத்திரத்தில் பொதுச் சுவரா, தனிச் சுவரா என்பதை இப்போதே படியுங்கள். பொதுச் சுவர் என்றால் பக்கத்து வீட்டுக் கூரை அதில் நிற்கும் வரை உங்களால் அதை எடுக்க முடியாது, அந்த ஒன்பது அங்குலத்தில் பாதியும் புது வரைபடத்தில் உங்களுக்கு வராது.