பறவை படம் எடுக்க மிரர்லெஸ் கேமரா, எது வாங்கலாம்?
வணக்கம் நண்பர்களே, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் பக்கம் பறவைங்கள எடுக்கத்தான் முக்கியமா கேமரா தேடுறேன், பட்ஜெட் லென்ஸோட சேத்து ஒன்னேகால் லட்சம், அதுக்கு மேல சுத்தமா முடியாது. கேனான் ஆர்50, ஆர்10 ரெண்டுல குழப்பம். ரெண்டுமே பறவை கண்ணுல ஃபோகஸ் புடிக்கும், ஆனா பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் (கை ஆடினாலும் படம் கலங்காம பாத்துக்கற வசதி) ரெண்டுலயும் கிடையாது, ஆர்எஃப் 100-400 எம்எம் ஜூம் லென்ஸ்ல அது இருக்கறதால சமாளிச்சிடலாம்னு தோணுது. ரெண்டுலயும் இருக்கற கிராப் சென்சார்ல (சின்ன அளவு சென்சார்) 400 எம்எம் வச்சா 640 எம்எம் அளவுக்கு கிட்ட தெரியும், ஆனா 400ல எஃப் 8 தான் (லென்ஸ் வழியா வெளிச்சம் கம்மியாத்தான் வரும்), விடியக்காலை வெளிச்சத்துல ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்திறன் அளவு) எகிறி படம் புள்ளி புள்ளியா ஆயிடுமே, அதான் பயம்.

என்னைக் கேட்டா காச லென்ஸ்ல போடணும், பாடிய அப்புறம் மாத்திக்கலாம். அதனால ஆர்50 புதுசா, லென்ஸ் மட்டும் செகண்ட் ஹேண்டா எடுக்கலாமா? பூஞ்சை இருக்கான்னு பாக்கறது தவிர வேற என்னலாம் செக் பண்ணணும்? இந்த லென்ஸ் வச்சு காலைல எடுத்தவங்க இருந்தா எடிட் பண்ணாத படம் ஒன்னு போடுங்க ப்ளீஸ்.