புதுப்பிப்பு: காற்று வந்த இடுக்கு திறந்துவிட்டது

இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் நிலத்தடிக் குகையைத் தேடி நாங்கள் தோண்டும் குழியை ஒரு பெரும்பாறை அடைத்துவிட்டது, கைவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கைவிடவில்லை. பாறையிடுக்கிலிருந்து குளிர்ந்த காற்று விடாமல் வீசியது. அப்பால் வெற்றிடம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எங்களுக்குக் கிடையாது. இரும்புக் குழாய்களால் முட்டுக்கொடுத்து, சேற்றை வாளி வாளியாகக் கைமாற்றி வெளியேற்றினோம். சனிக்கிழமை பாறை அசைந்தது. தவழ்ந்து நுழைந்தால் 12 மீட்டர் சுண்ணாம்புக்கல் வழி, எவர் காலும் படாத வண்டல் தரை! சிறியதுதான். ஆனால் வேல்ஸின் ஓகோவ் டிரைனென் குகையும் 1994இல் தன்னார்வலர்கள் தோண்டித் திறந்ததுதான். இன்று அதன் நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல். வண்டலைச் சுற்றி நாடா கட்டியிருக்கிறோம். வருபவர்கள் தயவுசெய்து அதைத் தாண்ட வேண்டாம். வழியின் முனையில் மறுபடியும் கற்குவியல். அதனூடேயும் காற்று வருகிறது.