கடுகுப் பொடிக்கு மாற்றாக விழுதைச் சேர்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். மேக்ரோனி சீஸ் செய்முறை ஒன்றில் ஒரு தேக்கரண்டி கடுகுப் பொடி சேர்க்கும்படி குறிப்பிட்டுள்ளனர். என்னிடம் டிஜான் கடுகு விழுதும், தாளிக்கப் பயன்படுத்தும் கருங்கடுகும் மட்டுமே உள்ளன. எதை, எவ்வளவு சேர்க்க வேண்டும்?

மறுமொழி 1:
ஒரு தேக்கரண்டி பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது என்பதே பொதுவான கணக்கு. விழுதில் உப்பும் புளிப்பும் நீரும் கலந்திருப்பதால், செய்முறையிலுள்ள உப்பைச் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியின் மேல் தூவும் உலர் மசாலாவுக்கு இந்த மாற்று பொருந்தாது.

மறுமொழி 2:
கருங்கடுகை அரைத்தும் சேர்க்கலாம். ஆனால் அது வெண்கடுகைவிடக் காரமானது என்பதால் பாதியளவில் தொடங்குங்கள். கடுகின் காரம் விதையில் ஆயத்தமாக இருப்பதில்லை; விதை நொறுங்கி நீர் படும்போது மைரோசினேஸ் என்னும் நொதியே அதை உருவாக்குகிறது. வெந்நீர் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும், வினிகரோ அதன் வேகத்தைக் குறைக்கும். ஆகவே பொடியைக் குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்திருந்து, அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் சேர்ப்பதே நல்லது. எண்ணெயில் பொரித்த கடுகு இதற்கு ஈடாகாது. அதில் மணம் இருக்கும், நெடி இராது.

மறுமொழி 3:
மயோனைஸுக்கு மட்டும் விழுதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். எண்ணெயும் வினிகரும் பிரிந்துவிடாமல் அது பிணைத்து வைக்கும்.