யானைக்காலுக்கு இன்னும் அதே பழைய மாத்திரைதானா?

குத்தாலத்துக்காரன்:
என் பாட்டிக்கு இடது காலில் யானைக்கால். நான் சின்னப் பையனாக இருந்தபோது சுகாதாரத் துறைக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். அப்போது கொடுத்ததும் டி.ஈ.சி மாத்திரை, பாட்னாவில் வேலை பார்க்கும் நண்பனுக்குப் போன மாதம் கொடுத்ததும் அதுதான், கூட இரண்டு மாத்திரை சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. 1947-இல் வந்த மருந்தாம் அது. கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் தடுப்பூசி வந்ததே, இதற்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

பார்மசி மாணவி:
அந்த ‘கூட இரண்டு’ லேசுப்பட்டதில்லை அண்ணா. யானைக்காலை உண்டாக்குவது ஒரு புழு. டி.ஈ.சி ரத்தத்தில் ஓடும் அதன் குஞ்சுகளைத்தான் நன்றாகக் கொல்லும். நிணநீர்க் குழாயில் குடியிருக்கும் தாய்ப்புழு தப்பித்து, வருஷக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் வருஷா வருஷம் மாத்திரை. அந்த இரண்டும், அதாவது ஐவர்மெக்டினும் அல்பெண்டசோலும், கூடச் சேர்ந்தால் குஞ்சுகள் ரொம்ப நாள் தலைகாட்டுவதில்லை என்று தெரிந்து, 2017-இல் உலக சுகாதார நிறுவனம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது.

தாய்ப்புழுவுக்கும் வழி இருக்கிறது. அதன் உடம்புக்குள் வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா குடித்தனம் செய்கிறது, அது செத்தால் புழு மலடாகி மெல்லச் சாகும். டாக்சிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கே போதும், ஆனால் நாலு முதல் ஆறு வாரம் தினமும் விழுங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகாது. ஊர் முழுக்க எப்படிக் கொடுப்பது? ஒரு வாரத்துக்குள் இதே வேலையைச் செய்யும் மருந்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாட்டு டாக்டர்:
காசைப் பற்றி யாரும் பேசவில்லையே. நோயாளி ஏழை, கம்பெனிக்கு லாபமில்லை. அதனால் ஆடு மாட்டுக்குச் செய்த மருந்துதான் மனிதனுக்கு வந்து சேர்கிறது. ஐவர்மெக்டினே முதலில் எங்கள் கால்நடை மருந்துதான். இதன் பங்காளி நோயான, இதேபோல் புழுவால் வந்து கண்ணைப் பறிக்கும் ஆற்றுக்குருடுக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாக்சிடெக்டினும் அப்படியே, அதற்கு அனுமதி வாங்கியது லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு. பூனைக்குப் பிடரியில் விடும் புழுமருந்தான எமோடெப்சைடையும் இப்போது மனிதர்களிடம் சோதிக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்.

ஓய்வுபெற்ற களப்பணியாளர்:
தம்பி, முற்றிய வீக்கத்தை எந்த மாத்திரையும் பழையபடி ஆக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் ஒற்றியெடுத்து, ராத்திரி தலையணை மேல் காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கவட்டில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். ஒன்று சொல்கிறேன், நாங்கள் கொடுத்த மாத்திரையில் பாதி சாக்கடைக்குத்தான் போனது. போட்டால் காய்ச்சல் வருகிறது என்று பயம். உள்ளே புழு சாவதால் வரும் காய்ச்சல் அது, சொன்னால் யார் கேட்டார்கள்?

குத்தாலத்துக்காரன்:
நன்றி ஐயா. இன்று பாட்டியின் விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் புண். கேட்டால் “அது ரொம்ப நாளாக இருக்குடா” என்கிறாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.